மூன்றாவது கையொப்பம்: கல்லூரி மாணவர் இன்டர்ன்ஷிப்பில் பொறுப்பு யாருக்கு?

2024 ஜூலை 23 அன்று தாக்கலான மத்திய பட்ஜெட், நாட்டின் முன்னணி 500 நிறுவனங்களில் ஐந்தாண்டுகளுக்குள் ஒரு கோடி இளைஞர்களுக்கு இன்டர்ன்ஷிப் வழங்கப்படும் என்று அறிவித்தது. அக்டோபரில் பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் முன்னோட்டமாகத் தொடங்கியது. முதல் சுற்றில் சுமார் 280 நிறுவனங்கள் 1.27 லட்சம் இடங்களைக் காட்டின. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. 82,000-க்கும் அதிகமான ஆஃபர்கள் அனுப்பப்பட்டன; அவற்றில் ஏறத்தாழ 28,000 ஏற்கப்பட்டன. கடைசியில் பயிற்சியில் சேர்ந்தவர்கள் சுமார் 8,700 பேர்.

இடமும் இருந்தது, ஆட்களும் இருந்தார்கள், இரண்டும் பொருந்தவில்லை. அதற்கு அரசு நாடாளுமன்றத்தில் சொன்ன காரணங்களில் பயிற்சி இடத்தின் தூரம், பன்னிரண்டு மாத நீளம், தரப்பட்ட பணியின் தன்மை ஆகியவை இருந்தன. அந்தச் சுற்றில் மாத உதவித்தொகை 5,000 ரூபாய். அதில் 4,500 அரசுடையது, 500 நிறுவனத்துடையது. சேரும்போது ஒருமுறை 6,000 ரூபாய். வேளச்சேரியிலோ சோழிங்கநல்லூரிலோ இருவர், மூவர் பகிரும் பி.ஜி. அறையின் வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே அந்த 5,000 போதாது. தர்மபுரியிலோ ராமநாதபுரத்திலோ இருக்கும் ஒரு குடும்பத்துக்கு இந்தக் கணக்கைப் போட ஒரு நிமிடம் போதும்.

இந்தத் திட்டத்தில் பலர் கவனிக்காத ஒரு விதியும் உண்டு. அறிவிக்கப்பட்டபோது, முழுநேரக் கல்லூரிப் படிப்பில் இருப்பவர்கள் இதில் சேர முடியாது என்றே வகுக்கப்பட்டிருந்தது. நாட்டின் மிகப் பெரிய இன்டர்ன்ஷிப் அறிவிப்புக்கு வெளியேதான் கல்லூரி மாணவர் நின்றார். ஆனால் இன்டர்ன்ஷிப் முடித்தால்தான் கிரெடிட் என்ற விதியோ அவர் தலைமேல்தான் இருக்கிறது. வாய்ப்புகள் எத்தனை என்று எண்ணுவதோடு இந்த விவாதம் நின்றுவிடுகிறது. ஒரு மாணவர் இன்டர்ன்ஷிப் போகும்போது அவருக்கு யார் பொறுப்பு என்பதே அதைவிட அடிப்படையான கேள்வி.

பக்கத்துப் பக்கத்து இருக்கை, வேறு வேறு சட்டம்

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். தரச்சோதனைப் பிரிவில் இரண்டு இளைஞர்கள் ஒரே வேலையைக் கற்கிறார்கள். ஒருவர் பி.இ. முடித்துவிட்டுத் தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டத்தின் கீழ், அதாவது பொறியியல் வட்டாரத்தில் ‘நாட்ஸ்’ என்று சொல்லப்படும் திட்டத்தின் கீழ், வந்த அப்ரெண்டிஸ். இன்னொருவர் மூன்றாமாண்டு மாணவர், இன்டர்ன்.

முதலாமவருக்கு 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் துணை நிற்கிறது. முதலில் தொழிற்பிரிவுப் பழகுநர்களுக்காக வந்த இந்தச் சட்டம் 1973-இல் பொறியியல் பட்டதாரிகளையும் டிப்ளமோ முடித்தவர்களையும் சேர்த்துக்கொண்டது; 2014 திருத்தம் மற்றப் பட்டதாரிகளுக்கும் வழி திறந்தது. அவர் பெயரில் பதிவான ஒப்பந்தம் இருக்கிறது. பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 ரூபாய் என்று 2019 விதிகள் வகுத்தன. நாட்ஸில் அதில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. இந்தத் தொகைகளை 36 சதவீதம் உயர்த்த 2025 மே மாதம் மத்தியப் பழகுநர் கவுன்சில் பரிந்துரைத்தது. பயிற்சியில் விரல் நசுங்கினால் நிறுவனம் இழப்பீடு தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. தென்மாநிலங்களில் இவற்றைக் கவனிக்க, சென்னை தரமணியில் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியத்தின் அலுவலகம் இயங்குகிறது.

இரண்டாமவரிடம் இருப்பது ஒரு மின்னஞ்சல். கூடவே, துறைத் தலைவர் கையெழுத்திட்ட போனஃபைட் சான்றிதழ். உதவித்தொகை உண்டா, வேலை நேரம் எவ்வளவு, அடிபட்டால் யார் பார்ப்பது என்பதெல்லாம் நிறுவனத்தின் மனநிலையைப் பொறுத்தது. அவர் பெண்ணானால், தெளிவாகக் காக்கும் சட்டம் ஒன்று உண்டு: பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம். ஊழியர் என்பதற்கு அது தரும் விளக்கத்தில் பயிற்சியாளர், பழகுநர், ஊதியமின்றி வேலை செய்பவர் எல்லாரும் அடங்குவர். இரண்டு வார இன்டர்ன்ஷிப்புக்குப் போகும் மாணவியும் நிறுவனத்தின் உள்ளகப் புகார்க் குழுவிடம் போகலாம். இதைச் சொல்லி அனுப்புகிற கல்லூரிகள் குறைவு.

அப்ரெண்டிஸ் சட்டத்தையும் பொன்னானது என்று சொல்லிவிட முடியாது. முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களைச் சேர்த்தாக வேண்டும். சேர்க்காவிட்டால் அபராதம், குறையும் ஓர் இடத்துக்கு முதல் மூன்று மாதங்களில் மாதம் 500 ரூபாய், பிறகு 1,000 ரூபாய். உதவித்தொகையைவிட அபராதம் மலிவு. இருந்தாலும் அந்தச் சட்டத்தில் ஒரு பொறுப்பாளர் இருக்கிறார், ஒரு தொகை இருக்கிறது, முறையிட ஒரு வாசல் இருக்கிறது.

தொழில்முறைப் படிப்புகளிலும் இப்படி ஒரு பொறுப்பாளர் உண்டு. எம்.பி.பி.எஸ். முடித்த ஹவுஸ் சர்ஜனின் ஓராண்டை தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகள் எந்தத் துறையில் எத்தனை வாரம் என்று பிரித்து வைத்திருக்கின்றன. உதவித்தொகை தர வேண்டும் என்றும் சொல்கின்றன. சி.ஏ. மாணவரின் ஆர்ட்டிகிள்ஷிப்புக்குக் குறைந்தபட்சத் தொகையைப் பட்டயக் கணக்காளர் நிறுவனமே வகுக்கிறது. ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கு 20 வாரம், மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரம் என்பது இந்திய பார் கவுன்சிலின் 2008 விதி. வேளாண் கல்லூரி மாணவர்கள் ஊரகப் பணி அனுபவத்துக்காகக் கிராமங்களில் தங்கும்போது ஆசிரியரும் கூடவே கணக்கில் இருக்கிறார். இந்த ஏற்பாடுகளிலும் ஓட்டைகள் உண்டு. உதவித்தொகை தராத தனியார் மருத்துவக் கல்லூரிகள் மீது வழக்குகள் நடந்திருக்கின்றன. ஆனால் வழக்குப் போட ஒரு விதி இருந்தது. பி.காம். மாணவருக்கும் பி.இ. கணினி அறிவியல் மாணவருக்கும் அதுகூட இல்லை.

கிரெடிட் முதலில் வந்தது

அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு தன் 2018 மாதிரிப் பாடத்திட்டத்தையொட்டி, பொறியியல் மாணவர் நான்கு ஆண்டுகளில் 600 முதல் 700 மணி நேரம் இன்டர்ன்ஷிப் செய்ய வேண்டும், அதற்கு 14 முதல் 20 கிரெடிட் என்று வழிகாட்டியது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் இரண்டு வாரப் பயிற்சிக்கு ஒரு கிரெடிட். பல்கலைக்கழக மானியக் குழு தன் வழிகாட்டுதலில், மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் நான்காம் பருவத்துக்குப் பிறகு 60 முதல் 120 மணி நேரம் என்றது. கலை, அறிவியல் கல்லூரிகளிலும் கோடை விடுமுறைப் பயிற்சி மதிப்பெண் பட்டியலுக்குள் வந்துவிட்டது.

நோக்கம் நல்லது. படித்ததற்கும் வேலைக்கும் இடையிலுள்ள பள்ளத்தைப் பற்றித் தொழில்துறை பல காலமாகக் குறைசொல்லிவந்தது. சிக்கல் அளவில் இருக்கிறது. 120 மணி நேரம் என்பது பதினைந்து வேலை நாள். ஒரு நிறுவனத்தின் பக்கம் நின்று பாருங்கள். புதிதாக வருபவருக்கு மேசை ஒதுக்க வேண்டும், கணினி அனுமதி தர வேண்டும், தொழிற்சாலையானால் பாதுகாப்பு வகுப்பு எடுக்க வேண்டும், அனுபவமுள்ள ஒருவர் தன் வேலையை விட்டுவிட்டு அவருடன் உட்கார வேண்டும். முதல் மாதம் முழுக்கச் செலவுதான். இரண்டாம், மூன்றாம் மாதத்தில்தான் அந்த மாணவர் கையால் ஏதாவது நடக்கும். பதினைந்தாவது நாள் கிளம்பிவிடுபவர் அந்தச் செலவை ஒருபோதும் திருப்பித் தருவதில்லை. ஆகவே நிறுவனத்துக்கு மூன்று வழிகளே மிஞ்சுகின்றன: மறுப்பது, சுற்றிக்காட்டிச் சான்றிதழ் தருவது, அல்லது பணம் வாங்குவது.

இதோடு நாள்காட்டியும் சேர்கிறது. தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிகள் மட்டுமே 400-க்கும் மேல். பருவத் தேர்வுகள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் முடிகின்றன. கோடையின் சில வாரங்களில் அத்தனை மாணவர்களும் ஒன்றாக இடம் தேடுகிறார்கள். ஆகஸ்டிலும் பிப்ரவரியிலும் அதே இருக்கைகள் காலியாகக் கிடக்கின்றன. பற்றாக்குறையின் ஒரு பகுதி நாம் நாள்காட்டியால் உண்டாக்கியது.

சான்றிதழின் விலை

இந்த இடைவெளியில்தான் ஒரு சந்தை வளர்ந்தது. ‘இன்பிளான்ட் டிரெயினிங்’ என்ற சொல் சென்னை, கோவை, திருச்சி மாணவர்களுக்குப் புதிதல்ல. ஐந்து நாள், பத்து நாள், ஒரு மாதம் என்று பேக்கேஜ். ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டணம். குழுவாகச் சேர்ந்தால் தள்ளுபடி. சில இடங்களில் நன்றாகவே சொல்லித்தருகிறார்கள். அப்போது அது டியூஷன், இன்டர்ன்ஷிப் இல்லை. சில இடங்களில் ஆள் வர வேண்டியதே இல்லை. சான்றிதழ், ரிப்போர்ட், பவர்பாயின்ட் மூன்றும் தயாராகக் கிடைக்கும். வைவாவில் என்ன கேட்பார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

இது ஏன் நிற்கவில்லை என்றால், இதில் நட்டப்படுபவர் யாரும் உடனடியாகக் கண்ணுக்குத் தெரிவதில்லை. பயிற்சி நிலையத்துக்குக் கட்டணம் கிடைக்கிறது. மாணவருக்குக் கிரெடிட் கிடைக்கிறது. கல்லூரிக்கு எண்ணிக்கை கிடைக்கிறது: கல்லூரிகளுக்குத் தரம் வழங்கும் நாக் அமைப்பின் மதிப்பீட்டில் களப்பணி, திட்டப்பணி, இன்டர்ன்ஷிப் செய்த மாணவர்களின் விகிதம் ஓர் அளவுகோல். கடிதங்களை எண்ணும் மதிப்பீடு கடிதங்களைத்தான் பெருக்கும். உண்மையான இழப்பு இரண்டு ஆண்டு கழித்து, நேர்காணலில் ‘அந்த புராஜெக்டில் நீங்கள் என்ன செய்தீர்கள்?’ என்ற முதல் கேள்வியில் வெளிப்படுகிறது. அந்த நாற்காலியில் அமர்ந்திருப்பவர் மாணவர் மட்டும்தான்.

அனுமதிக்கு விதி, பயிற்சிக்குத் தெரிந்தவர்

தமிழ்நாடு கல்லூரி வாசலை அகலப்படுத்த நூறாண்டு உழைத்த மாநிலம். 69 சதவீத இடஒதுக்கீடு, ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு, முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை, 2022-இல் வந்த புதுமைப் பெண், 2024-இல் வந்த தமிழ்ப் புதல்வன் என்று நீளும் வரிசை அது. 2021–22 உயர்கல்விக் கணக்கெடுப்பில் மாநிலத்தின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47; தேசிய அளவு 28.4. அந்த வாசலில் ஒவ்வொரு இடத்துக்கும் தரவரிசை உண்டு, விதி உண்டு, கேள்வி கேட்க அலுவலகம் உண்டு.

இன்டர்ன்ஷிப் வாசலில் இவை எதுவும் இல்லை. ‘உங்களுக்குத் தெரிந்த கம்பெனியில் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்பதுதான் பல துறைகளின் சுற்றறிக்கைச் சாரம். தெரிந்த கம்பெனி யாருக்கு இருக்கும்? மாமாவோ சித்தப்பாவோ மேலாளராக இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு இருக்கும். அப்பா கட்டட வேலைக்கும் அம்மா நூறு நாள் வேலைக்கும் போகும் வீட்டில், வகுப்பிலேயே கெட்டிக்காரரான பிள்ளைக்கும் இருக்காது. புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாய் உள்ளூர்க் கல்லூரிக்குப் பஸ்ஸில் போய்வர உதவும். சென்னையில் இரண்டு மாதம் தங்க உதவாது. பெண் பிள்ளையானால் விடுதி கிடைப்பதும், வீட்டார் சம்மதிப்பதும் தனிப் படலங்கள். ஊதியமில்லா இன்டர்ன்ஷிப் என்பது பார்ப்பதற்கு எல்லாருக்கும் திறந்த வாய்ப்பு. நடைமுறையில் இரண்டு மாதம் மகனையோ மகளையோ நகரத்தில் வைத்துப் போஷிக்க முடிந்த குடும்பங்களுக்கான ஒதுக்கீடு. சேர்க்கையில் சமன்செய்ததை இறுதியாண்டுக்கு முன் அது மெல்லக் கலைத்துவிடுகிறது.

அரசு அமைப்புகளிலேயே இந்த வேறுபாட்டைப் பார்க்கலாம். ரிசர்வ் வங்கி தன் கோடைக்காலப் பயிற்சிக்கு மாதம் 20,000 ரூபாய் என அறிவித்து, பயணச் செலவையும் ஏற்றுவந்திருக்கிறது. நிதி ஆயோக்கின் இன்டர்ன்ஷிப் ஊதியமில்லாதது. டெல்லியில் உறவினர் வீடு இருப்பவருக்கு இரண்டாவதும் வாய்ப்பு. இல்லாதவருக்கு முதலாவது மட்டுமே.

பழைய ஏற்பாடுகள் சொல்வது

படிப்பையும் வேலையையும் பின்னிப் பார்க்கும் எண்ணம் நேற்று வந்ததல்ல. 1906-இல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பொறியியல் பேராசிரியர், மாணவர்கள் வகுப்பிலும் தொழிற்சாலையிலும் மாறி மாறி இருக்கும் முறையைத் தொடங்கினார். அவர்கள் அங்கே ஊதியத்துடன் வேலை செய்தார்கள்.

இந்தியாவில் பிலானியின் பிட்ஸ் 1973-இல் ‘பிராக்டிஸ் ஸ்கூல்’ முறையைத் தொடங்கியது. கோடையில் ஏறத்தாழ இரண்டு மாதம், பிறகு இறுதியில் ஐந்தரை மாதம். இடத்தை மாணவர் தேடுவதில்லை, பிட்ஸே ஒதுக்குகிறது. பயிற்சியைக் கண்காணிக்கவும் மதிப்பிடவும் ஆசிரியர்களை நியமிக்கிறது.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் கோவையில் இருக்கிறது. 1926-இல் தொடங்கிய பி.எஸ்.ஜி. தொழிற்கூடத்தின் வளாகத்தில்தான் 1951-இல் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது. மோட்டாரும் பம்பும் வார்ப்படமும் செய்யும் கூடம் வகுப்பறைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அங்கே வழங்கப்பட்ட ‘சாண்ட்விச்’ பி.இ. படிப்பு வழக்கமான நான்காண்டுக்குப் பதில் ஐந்தாண்டு. கூடுதல் காலம் தொழிற்கூடத்துக்கு உரியது. மாநிலத்தின் சில பாலிடெக்னிக்குகளில் சாண்ட்விச் டிப்ளமோ மூன்றரை ஆண்டு. அதில் இரண்டு முறை ஆறாறு மாதம் தொழிற்சாலைப் பயிற்சி. அந்த டிப்ளமோக்காரர்களைக் கோவைப் பட்டறைகள் தேடி எடுத்ததற்குக் காரணம் அந்த ஓராண்டு.

மூன்றுக்கும் பொதுவானவை சில. பயிற்சிக்கென்று பாடத்திட்டம் தனிக் காலம் ஒதுக்கியது, விடுமுறையைப் பிடுங்கவில்லை. காலம் நீளமாக இருந்ததால் நிறுவனத்துக்கும் பயன் கிடைத்தது. இடம் தேடுவது கல்லூரியின் வேலையாக இருந்தது. இவற்றை விட்டுவிட்டுக் கிரெடிட்டை மட்டும் எடுத்துக்கொண்டதுதான் இப்போதைய முறை.

பிற நாடுகள் பிடித்த நூல்

ஊதியமில்லா இன்டர்ன்ஷிப்புக்கு அமெரிக்கா நீதிமன்றத்தில் விடை தேடியது. ‘பிளாக் ஸ்வான்’ படத் தயாரிப்பில் ஊதியமின்றி வேலை செய்தவர்கள் தொடுத்த வழக்கில் 2013-இல் கீழ்நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்த ஏற்பாட்டால் முதன்மையாகப் பயனடைவது மாணவரா நிறுவனமா என்று பார்க்க வேண்டும் என்றது. 2018-இல் தொழிலாளர் துறையும் அந்த அளவுகோலை ஏற்றது. இது வழக்குப் போடும் வசதி உள்ளவருக்கு உதவும் வழி.

பிரான்ஸ் வேறு நூலைப் பிடித்தது. அங்கே மாணவர், நிறுவனம், கல்வி நிலையம் ஆகிய முத்தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இல்லாமல் பயிற்சி கிடையாது. இரண்டு மாதத்துக்கு மேல் போனால் உதவித்தொகை கட்டாயம். ஒரே நிறுவனத்தில் ஒரு கல்வியாண்டில் ஆறு மாதமே உச்சவரம்பு. இருபது பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் பயிற்சி மாணவர்கள் ஆள்பலத்தில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மூன்றாவது கையொப்பம் போடுகிற கல்லூரி, தன் மாணவர் அங்கே என்ன கற்கிறார் என்பதற்குப் பதில்சொல்லக் கடமைப்பட்டுவிடுகிறது.

இப்போது திறந்திருக்கும் கதவுகள்

விதிகள் மாறும்வரை மாணவர்கள் காத்திருக்க முடியாது. செலவைத் தானே ஏற்கும் பயிற்சிகள் இன்றும் உண்டு. அவற்றின் நாள்காட்டிதான் பலருக்குத் தெரிவதில்லை. பெங்களூருவின் இந்திய அறிவியல் அகாதமியும் மற்ற இரு தேசிய அறிவியல் அகாதமிகளும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்திட்டம் இரண்டு மாதத்துக்கு உதவித்தொகையும் ரயில் கட்டணமும் தருகிறது. மாணவர்களோடு கல்லூரி ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம். சென்னை ஐ.ஐ.டி. வெளிக் கல்லூரி மாணவர்களுக்கென்றே மே முதல் ஜூலை வரை கோடைக்கால உதவித்திட்டம் நடத்துகிறது. ரிசர்வ் வங்கி ஏப்ரலில் தொடங்கும் பயிற்சிக்கு முந்தைய அக்டோபர் முதல் டிசம்பருக்குள் விண்ணப்பம் வாங்குகிறது. நல்ல கோடை இடங்களுக்கான தேடல் தீபாவளியையொட்டியே தொடங்க வேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம். ஏப்ரலில் தேடுபவருக்கு எஞ்சுவது கட்டணப் பயிற்சி.

பல்கலைக்கழக மானியக் குழு 2025-இல் வழிகாட்டுதல் வெளியிட்ட, அப்ரெண்டிஸ் பயிற்சி உள்ளடங்கிய பட்டப்படிப்பு இன்னொரு கதவு. இதில் படிக்கும்போதே சில பருவங்களை நிறுவனத்தில் அப்ரெண்டிஸாகக் கழிக்கலாம். ஒப்பந்தமும் உதவித்தொகையும் உண்டு. பி.காம்., பி.எஸ்ஸி. மாணவருக்கும் தொழிற்பழகுநர் சட்டத்தின் நிழல் எட்டுகிறது என்பதே இதன் சிறப்பு. தெருமுனைக் கல்லூரிகள்வரை இது பரவுமா என்பது உள்ளூர்த் தொழில்களோடு கல்லூரிகள் பேசுவதைப் பொறுத்தது. திருப்பூர், ஓசூர், சிவகாசி, கரூர் போன்ற ஊர்களின் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்குக் கணக்கு, தரக் கட்டுப்பாடு, ஏற்றுமதி ஆவணம், மின்வணிகம் எல்லாவற்றிலும் படித்த கை தேவைப்படுகிறது. வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் நான்கு மாதப் பயிற்சி, தொலைதூரப் பெருநிறுவனத்தின் பெயரைவிடப் பல மாணவர்களுக்குப் பயன்படும். பிரதமர் திட்டத்தின் முதல் சுற்றில் 8,700 பேரோடு நின்றுபோன எண்ணிக்கையும் இதைத்தான் காட்டுகிறது.

எந்தக் கதவானாலும் மாணவர் கேட்க வேண்டியவை நான்கு: என்னைக் கவனிக்கப்போகும் ஆள் யார், நான் செய்யப்போகும் வேலை எது, வேலை நேரம் எவ்வளவு, உதவித்தொகை எவ்வளவு. இவற்றை எழுத்தில் தர மறுக்கும் இடமும், பதிவுக் கட்டணமோ முன்பணமோ கேட்கும் இடமும் தவிர்க்க வேண்டியவை.

யார் கையெழுத்திட வேண்டும்?

பெரிய சட்டம் வரும் முன்பே பல்கலைக்கழகங்கள் செய்யக்கூடியவை உண்டு. மாணவரிடம் கட்டணம் வாங்கிய பயிற்சிக்குக் கிரெடிட் இல்லை என்று ஒரு வரி விதி போதும். சான்றிதழ்ச் சந்தையின் பெரும்பகுதி அதோடு வாடிவிடும். இரண்டு வாரத் துண்டுகளுக்குப் பதில் ஒரு பருவத்தை முழுதாக ஒதுக்கலாம். கல்லூரிகளுக்குள் அந்தப் பருவத்தை முறைவைத்து மாற்றினால் ஆண்டு முழுக்க இருக்கைகள் பயன்படும். பயிற்சி மாணவரைச் சந்திக்கப் போகும் ஆசிரியரின் நேரத்தைப் பாடவேளையாகக் கணக்கிடலாம். மாநில அரசு, பணிபுரியும் பெண்களுக்கான தோழி விடுதிகள் போன்ற தன் விடுதிகளில் பயிற்சிக் காலத்துக்கென்று சில படுக்கைகளை ஒதுக்கலாம். நாக், கடிதங்களை எண்ணுவதற்குப் பதில் உதவித்தொகையுடன் நடந்த பயிற்சிகளை எண்ணலாம். நிறுவனங்கள் இதை எதிர்க்கும் என்ற அச்சம் மிகை. முகம் தெரியாத ஆயிரம் விண்ணப்பங்களைவிட, ஓர் ஆசிரியர் பொறுப்பில் நான்கு மாதம் வரும் இருவரை ஏற்பது எந்த மேலாளருக்கும் எளிது.

கிரெடிட் என்பது கல்லூரி தரும் உத்தரவாதம்: இந்த மாணவர் இதைக் கற்றார் என்று நாங்கள் சொல்கிறோம் என்பதே அதன் பொருள். வகுப்பறைப் பாடத்துக்கு அந்த உத்தரவாதத்தைத் தருமுன் பாடத்திட்டம், ஆசிரியர், ஆய்வகம் மூன்றுக்கும் கல்லூரி பொறுப்பேற்கிறது. இன்டர்ன்ஷிப்புக்கு மட்டும் இடத்தையும் செலவையும் ஆபத்தையும் மாணவர் தலையில் வைத்துவிட்டுக் கடைசியில் முத்திரை குத்துகிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடத் துணியாத கல்லூரிக்கு மதிப்பெண் பட்டியலில் கையெழுத்திடும் உரிமை இல்லை.